மறைத்து முடித்த ஓவியம்: கெர்ஹார்ட் ரிக்டரும் ‘பிர்கெனாவ்’ வரிசையும்

நான்கு கேன்வாஸ்கள். ஒவ்வொன்றும் 260 செ.மீ. உயரம், 200 செ.மீ. அகலம். 2014-இல், தன் எண்பத்திரண்டாம் வயதில், ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் அவற்றில் நான்கு கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் பெரிதாக்கி வரைந்தார். எரியும் உடல்கள், புகை, மரங்கள், ஆடை களைந்த பெண்கள். வரைந்ததைப் பார்த்தார், மனம் ஒப்பவில்லை. அதன் மேலேயே வண்ணத்தைப் பூசி இழுக்கத் தொடங்கினார். கறுப்பு, வெள்ளை, சாம்பல், பிறகு சிவப்பு, பச்சை. இழுக்க இழுக்க அடியில் இருந்த உருவங்கள் புதைந்துகொண்டே போயின. முடிந்தபோது நான்கிலும் ஒரு முகமோ ஒரு மரக்கிளையோ அடையாளம் தெரியவில்லை. அவருடைய படைப்புப் பட்டியலில் 937/1 முதல் 937/4 வரை எண்ணிட்ட அந்த நான்கும் இன்று ‘பிர்கெனாவ்’ என்ற பெயரால் அறியப்படுகின்றன.

உருவம் எதையும் காட்டாத அரூப ஓவியத்தின் முன்னால் நிற்பவருக்கு முதலில் வரும் கேள்வி ‘இதுல என்ன இருக்கு?’ என்பதுதான். நவீன ஓவியம் பற்றி எழுதுபவர்கள் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஏளனமாகவே பார்ப்பது வழக்கம். நிறமும் பரப்பும்தான் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்பார்கள். பிர்கெனாவ் முன்னால் அந்தப் பதில் செல்லாது. இதில் நிஜமாகவே ஒன்று இருக்கிறது, வண்ணத்துக்கு அடியில். வைத்தவரே அதை மூடியும் விட்டார். ஏன் வைத்தார், ஏன் மூடினார் என்று தேடிப் போனால் அவருடைய அறுபதாண்டு ஓவிய வாழ்க்கையும் அந்த வழியில்தான் வந்து நிற்கிறது.

அடியில் இருப்பது

முதலில் அந்த நான்கு புகைப்படங்கள். 1944 ஆகஸ்டில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் வதைமுகாமின் ஐந்தாம் எரிகூடத்தருகே எடுத்தவை. எடுத்தவர் நாஜி அதிகாரியோ பத்திரிகையாளரோ அல்ல, ‘சோண்டர்கொமாண்டோ’ என்ற பிரிவைச் சேர்ந்த ஒரு கைதி. நச்சுவாயு அறையிலிருந்து பிணங்களை வெளியே இழுத்துப்போட்டு எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதர்களின் பிரிவு அது. கண்ணால் கண்ட சாட்சிகள் என்பதால் அவர்களையும் அவ்வப்போது கொன்றுவிடுவார்கள். படம் எடுத்தவர் அல்பெர்ட்டோ எர்ரேரா என்ற கிரேக்க யூதர் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மற்றவர்கள் காவல் நிற்க, கடத்திக் கொண்டுவந்த கேமராவை வைத்துக்கொண்டு, கட்டடத்தின் இருட்டுக்குள்ளிருந்து வாசல் வழியாக இரண்டு படங்கள். திறந்தவெளியில் எரியும் உடல்கள் தெரிகின்றன. சுற்றிலும் கதவுச் சட்டத்தின் கறுப்பு. பிறகு வெளியே வந்து, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோக முடியாமல், இடுப்பளவில் பிடித்து இன்னும் இரண்டு. ஒன்றில் சாய்ந்த மரங்களுக்கு நடுவே, ஒரு மூலையில், ஆடையில்லாத பெண்கள். இன்னொன்றில் மனிதர் யாருமே இல்லை. கிளைகளும் கண்ணைக் கூசும் வெளிச்சமும் மட்டும். பிலிம் பற்பசைக் குழாய்க்குள் ஒளிந்து, கிராகோவில் இருந்த போலந்து எதிர்ப்பியக்கத்தாரிடம் போய்ச் சேர்ந்தது.

பிர்கெனாவ் என்ற பெயரே பிர்ச் மரத்திலிருந்து வந்ததுதான். வெள்ளைப் பட்டை மரம். முகாமின் பெயரில் இருக்கும் மரம்தான் படங்களிலும் நிற்கிறது.

பிற்காலத்தில் இந்தப் படங்களை அச்சிட்ட பலர் அவற்றைத் ‘திருத்தினார்கள்’. கதவுச் சட்டத்தின் கறுப்பை வெட்டினார்கள்; சாய்வை நிமிர்த்தினார்கள்; மூலையில் இருந்த பெண்களைப் பெரிதாக்கி நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றும் தெரியாத நான்காவது படத்தைப் பல வெளியீடுகள் விட்டே விட்டன. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜார்ஜ் திதி-யூபெர்மான் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அந்தக் கறுப்பு, எடுத்தவர் ஒளிந்து நின்ற இடம். அந்தச் சாய்வு, உயிர்ப் பயத்தோடு ஓடியவரின் கை. அதை வெட்டினால் சாட்சி சொன்னவரையே வெட்டியதாகிவிடும் என்பது அவர் வாதம். அவருடைய நூல் ஜெர்மன் மொழியில் வந்த சமயம், 2008 வாக்கில், ஒரு நாளிதழ்க் கட்டுரையோடு வந்த படம் ரிக்டர் கண்ணில் பட்டது. ஓவியக்கூடத்தில் மாட்டி வைத்தார். ஆண்டுக்கணக்கில் அது அங்கேயே இருந்தது.

நான்காவது படத்தில் நான் நெடுநேரம் நின்றேன். உருவம் இல்லை, மையம் இல்லை, மேல் கீழ் தெரியாது. கலைக்கூடத்தில் பெரிதாக்கி மாட்டியிருந்தால் அதை அரூபப் படம் என்றே சொல்லியிருப்போம். அந்த அரூபம் யாருடைய கலைக்கொள்கையிலிருந்தும் வந்ததல்ல. பார்த்து எடுக்க முடியாத ஒருவர் பார்க்காமல் எடுத்ததால் வந்தது.

சித்தியும் மாமாவும்

ரிக்டர் பிறந்தது 1932 பிப்ரவரி 9, டிரெஸ்டன் நகரில். அப்பா பள்ளி ஆசிரியர். அக்காலத்து ஜெர்மன் ஆசிரியர்கள் பலரையும் போல நாஜிக் கட்சி உறுப்பினர்.

1932-இல் எடுத்த ஒரு குடும்பப் புகைப்படம் இருக்கிறது. நான்கு மாதக் குழந்தை ரிக்டர். பின்னால் பதினான்கு வயது மரியானே, அம்மாவின் தங்கை. அந்தப் பெண்ணுக்குப் பின்னாளில் மனச்சிதைவு நோய் என்று முத்திரை குத்தினார்கள். கட்டாயக் கருத்தடை செய்தார்கள். மனநல விடுதிகளில் அடைத்து, பட்டினியாலும் மருந்தாலும் ‘தகுதியற்ற உயிர்களை’ ஒழித்த நாஜித் திட்டத்தில் 1945 பிப்ரவரியில் அவள் உயிர் போனது. டிரெஸ்டன்மீது நேச நாட்டு விமானங்கள் குண்டு பொழிந்ததும் அதே நாட்களில்தான்.

1965-இல் ரிக்டர் அந்தப் புகைப்படத்தை ஓவியமாக்கினார். தலைப்பு ‘மரியானே சித்தி’ (ஜெர்மன் சொல்லில் அத்தை, சித்தி என்ற பிரிவினை இல்லை, தமிழில் சொல்லும்போதுதான் உறவு துலங்குகிறது). அதே ஆண்டில் ‘ரூடி மாமா’: ராணுவ மேலங்கியோடு சிரித்து நிற்கும் தாய்மாமன், போரில் செத்தவர். அந்த ஓவியத்தை, நாஜிகள் 1942-இல் தரைமட்டமாக்கிய செக் கிராமமான லிடிட்சேவின் நினைவுத் தொகுப்புக்குக் கொடுத்தார். இதே ஆண்டில்தான் ‘திரு. ஹைடே’யும். நோயாளிகளைக் கொன்ற திட்டத்தை முன்னின்று நடத்திய மருத்துவர்களில் ஒருவரான வெர்னர் ஹைடே 1959-இல் போலீசிடம் சரணடைந்தபோது வந்த செய்திப் படம் அது.

இதோடு முடியவில்லை. ரிக்டரின் முதல் மனைவி எமாவின் தந்தை ஒரு மகப்பேறு மருத்துவர், நாஜிகளின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்தவர், டிரெஸ்டனில் நூற்றுக்கணக்கான கட்டாயக் கருத்தடைகளுக்குப் பொறுப்பானவர். சித்தியைச் சிதைத்த அதே அமைப்பில் மாமனார் உயர் பதவியில் இருந்திருக்கிறார். அந்த மாமனார் கடற்கரையில் குடும்பத்தோடு சிரிக்கும் படத்தையும் 1964-இல் ரிக்டர் ஓவியமாக்கியிருந்தார். முழு விவரத்தையும் ஒரு பத்திரிகையாளர் கோத்துக் காட்டியது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

இந்தப் படங்கள் எல்லாமே ஒரே முறையில் செய்தவை. புகைப்படத்தைச் சாம்பல் நிறத்தில் துல்லியமாக வரைவார். எண்ணெய் வண்ணம் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் மேலே மெல்ல இழுப்பார். விளிம்புகள் கலைந்து, கண்ணில் நீர் திரையிட்டதுபோல ஆகிவிடும். உருவம் இருக்கும், பிடிபடாது. மறைப்பு அப்போதே தொடங்கிவிட்டது; ஆனால் அது மெல்லிய திரை. பார்ப்பவருக்கு இன்னும் சித்தி தெரிகிறாள்.

எண் 1

கிழக்கு ஜெர்மனியில் சுவரோவியம் கற்றவர் ரிக்டர். டிரெஸ்டன் கலைக்கழகப் படிப்பின் முடிவில், 1956-இல், அந்நகரின் சுகாதார அருங்காட்சியகத்தில் வாழ்க்கை இன்பத்தைக் கொண்டாடும் ஒரு பெரிய சுவரோவியம் செய்தார். உல்லாசமான குடும்பங்கள், நல்ல உடல்கள், கம்யூனிச அரசு விரும்பிய சோஷலிச யதார்த்தவாதம். அவர் மேற்குக்குப் போய்விட்ட பிறகு, 1979-இல், அதன்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். அண்மைக் காலத்தில்தான் சில பகுதிகளைச் சுரண்டி வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கத் தன் ஓவியத்தின்மேல் தானே பூசி மறைத்தவரின் முதல் பெரிய வேலையைப் பிறர் பூசி மறைத்தார்கள் என்பது கதையாக எழுதியிருந்தால் நம்ப மாட்டோம்.

1959-இல் காசெல் நகரில் நடந்த ‘டோகுமெண்டா’ கண்காட்சிக்குப் போனார். ஜாக்சன் போலாக்கின் வண்ணச் சொட்டுகளையும் லூசியோ ஃபொந்தானாவின் கிழித்த கேன்வாஸ்களையும் அங்கே பார்த்தது அவரை உலுக்கியது. 1961 வசந்தத்தில் எமாவோடு பெர்லின் வழியாக மேற்குக்கு வந்துவிட்டார். அடுத்த சில மாதங்களில், ஆகஸ்ட் 13-இல், பெர்லின் சுவர் எழுந்தது.

டியூசல்டார்ஃப் கலைக்கழகத்தில் மறுபடி மாணவர். சிக்மார் போல்கேயும் கொன்ராட் லூக்கும் உடன் படித்தவர்கள். 1963-இல் லூக்கும் ரிக்டரும் ஒரு மரச்சாமான் கடையைக் கண்காட்சியாக்கி, சோபாவில் தாங்களே உட்கார்ந்து, ‘முதலாளித்துவ யதார்த்தவாதம்’ என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். அதற்கு மேல் அந்தப் பெயரில் பெரிதாக ஒன்றும் இல்லை.

முக்கியம் வேறு. டியூசல்டார்ஃபின் தொடக்க நாட்களில் செய்த பலவற்றை அழித்துவிட்டு, தன் படைப்புப் பட்டியலை அவர் புதிதாகத் தொடங்கினார். அதில் ‘எண் 1’ என்று வைத்தது 1962-இல் செய்த ‘மேசை’. ஒரு பத்திரிகையிலிருந்து எடுத்த மேசைப் படத்தை ஒழுங்காக வரைந்து, பிறகு நடுவில் கரைப்பான் ஊற்றிச் சுழற்றித் தேய்த்திருக்கிறார். மேசையின் கால்களும் விளிம்பும் தெரிகின்றன; நடுவில் சாம்பல் நிறச் சுழி. தன் முதல் ஓவியம் இதுதான் என்று ஒருவர் முடிவு செய்வதற்கு அர்த்தம் உண்டு. எண் 1-இல் மேசைக்கு நடந்ததுதான் எண் 937-இல் பிணங்களுக்கும் நடந்தது.

இழுக்கும் பலகை

அரூபத்துக்கு அவர் ஒரே தாவலில் வரவில்லை. 1966-இல் பெயிண்ட் கடையின் நிற அட்டைகளைப் பார்த்து, கட்டம் கட்டமாக நிறம் மட்டும் தீட்டினார். எழுபதுகளின் தொடக்கத்தில் முழுச் சாம்பல் ஓவியங்கள். 1972-இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் ஜெர்மன் அரங்குக்கு 48 பிரபலங்களின் முகங்களைச் சாம்பலில் தீட்டினார். 1976-இல் ‘அப்ஸ்ட்ராக்டெஸ் பில்ட்’, அதாவது ‘அரூப ஓவியம்’ என்ற பொதுத் தலைப்பில் வேலை தொடங்கியது. தொடக்கத்தில் சிறிய எண்ணெய்ச் சித்திரங்களைப் புகைப்படம் எடுத்து, அந்தப் புகைப்படத்தைப் பெரிய கேன்வாஸில் மென்மையாகப் படியெடுத்தார். தன் அரூபத்தையே புகைப்படமாக்கி வரைந்தார் என்று சொல்லலாம்.

எண்பதுகளில் ‘ராக்கல்’ கைக்கு வந்தது. நம் ஊர் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் மை வழிக்கும் ஸ்க்வீஜியைப் பார்த்தவர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். அதையே கேன்வாஸ் உயரத்துக்கு நீட்டி, ரப்பருக்குப் பதில் வளையும் பிளெக்ஸிகிளாஸ் பட்டையும் மரப்பிடியும் வைத்தால் ரிக்டரின் கருவி. முதலில் அகலத் தூரிகையால் பளிச்சென்ற நிறங்கள். அவை பாதி காயும்போது ராக்கலின் விளிம்பில் வண்ணம் தடவி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இழுப்பார். எங்கே அழுத்துகிறதோ அங்கே புதிய நிறம் ஒட்டும். எங்கே தூக்குகிறதோ அங்கே பழைய அடுக்கு பிய்ந்துகொண்டு வரும். ஐந்து அடுக்குக்குக் கீழே இருந்த மஞ்சள் திடீரென்று மேலே எட்டிப்பார்க்கும். எது மறையும், எது மீளும் என்று இழுப்பவருக்கே முழுதாகத் தெரியாது. பிடிக்கவில்லையென்றால் அதன் மேலேயே மறுபடி.

ஆகவே தற்செயலை ஆளவிடும் ஓவியர் என்று அவரைச் சொல்வது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. கோரினா பெல்ட்ஸ் எடுத்து 2011-இல் வந்த ஆவணப்படத்தில் அவர் வேலை செய்வதைப் பார்க்கலாம். இழுப்பது சில நொடி. அதன்பின் தள்ளி நின்று பார்ப்பது, உட்கார்ந்து பார்ப்பது, நாட்கணக்கில் பார்ப்பது. கேமரா இருக்கும்போது தீட்டுவது தனக்கு எவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்று அவரே சொல்லிவிடுகிறார். தற்செயல் நடப்பது ராக்கலில். ஓவியம் நடப்பது, அந்தத் தற்செயலை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று முடிவு செய்கிற நாற்காலியில்.

முன்பே தோற்ற நான்கு முறை

பிர்கெனாவைத் தனி நிகழ்வாகப் பார்த்தால் புரியாது. படம் வரைய முயன்று, முடியாமல், மூடுவது அவரிடம் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அந்தத் தோல்விகளைத்தான் அவருடைய கலைவாழ்வின் முதுகெலும்பாகப் பார்க்கிறேன்.

1988-இல் அவர் 15 ஓவியங்கள் கொண்ட ‘1977 அக்டோபர் 18’ வரிசையைச் செய்தார். செம்படைப் பிரிவு என்ற இடதுசாரித் தீவிரவாதக் குழுவின் தலைவர்கள் ஸ்டாம்ஹைம் சிறையில் இறந்து கிடந்த நாள் அது. போலீஸ் புகைப்படங்களைச் சாம்பலில் கலைத்து வரைந்தார். 1995-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்த வரிசையை வாங்கியபோது ஜெர்மனியில் பெரிய சர்ச்சை. அதே வேலையின்போது, தூக்கில் தொங்கிய பெண்ணின் இன்னொரு ஓவியத்தையும் தொடங்கினார். அதன்மேல் வெள்ளையை இழுத்து மூடிவிட்டார். அது வரிசையில் சேரவில்லை. தனியாக நிற்கிறது, பெயர் ‘போர்வை’. பிணத்தின்மேல் துணி போர்த்துவதுபோல.

அடுத்தது பெர்லின். நாடாளுமன்றத்துக்காகப் புதுப்பித்த ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேற்கு நுழைவுக்கூடத்துக்கு ஒரு படைப்பு கேட்டார்கள். வதைமுகாம் புகைப்படங்களை வைக்கலாமா என்று அவர் முதலில் யோசித்தார். அந்தப் படங்கள் அவருக்குப் புதிதல்ல. ‘அட்லஸ்’ என்று அவர் சேர்த்து வைத்த நூற்றுக்கணக்கான படத்தாள்களில், 1967-ஆம் ஆண்டுத் தாள்கள் சிலவற்றில் முகாம் பிணங்கள் ஏற்கெனவே இருந்தன. அடுத்த தாள்களில் ஆபாசப் பத்திரிகைப் படங்கள். இரண்டும் அடுத்தடுத்து இருப்பது இன்றும் சங்கடப்படுத்துகிறது. ரைக்ஸ்டாக்குக்கு வரைவுகள் செய்து பார்த்து, கைவிட்டார். 1999-இல் அங்கே ஏறியது சுமார் 20 மீட்டர் உயரக் கண்ணாடிப் பலகைகள்: கறுப்பு, சிவப்பு, பொன். கொடியின் நிறங்கள்.

மூன்றாவது, கொலோன் தேவாலயம். போரில் அழிந்த தெற்குச் சாளரத்துக்கு, இருபதாம் நூற்றாண்டு மறைசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்களின் உருவங்கள் வேண்டும் என்றார்கள் தேவாலயத்தார். எடித் ஸ்டைன், மாக்ஸிமிலியன் கோல்பே போன்றவர்கள். இருவரும் ஆஷ்விட்ஸில் உயிர் விட்டவர்கள். மரண தண்டனைக் காட்சிகளை வைத்து முயன்று பார்த்தார் ரிக்டர். வரவில்லை. ஒருநாள் 1974-இல் தான் செய்த 4,096 நிறக் கட்டங்கள் கொண்ட ஓவியத்தின் படத்தின்மேல் சாளரத்தின் வார்ப்பு அட்டையை வைத்துப் பார்த்தார், முடிவு கிடைத்துவிட்டது. 2007-இல் திறந்த அந்தச் சாளரத்தில் 72 நிறங்களில் 11,000-க்கும் மேற்பட்ட சதுரக் கண்ணாடிகள். எது எங்கே என்பதைப் பெரும்பாலும் கணினியின் குலுக்கல் தீர்மானித்தது. கொலோன் பேராயராக இருந்த கர்தினால் மைஸ்னருக்கு ஆத்திரம். இது மசூதிக்குத்தான் பொருந்தும் என்றார். திட்டினாலும் அவர் ஒன்றைச் சரியாகவே கண்டுகொண்டார் என்பேன்: உருவத்தை விலக்குவது அலங்காரத்துக்காக மட்டும் அல்ல, அதற்குள் வணக்கமும் இருக்க முடியும் என்பதை.

நான்காவது சிறியது, எனக்கு மிகப் பிடித்தது. 2001 செப்டம்பர் 11 அன்று ரிக்டர் நியூயார்க்குக்கு விமானத்தில் பறந்துகொண்டிருந்தார். விமானம் கனடாவுக்குத் திருப்பிவிடப்பட்டது. 2005-இல் இரட்டைக் கோபுரங்களை வரைந்தார். தீப்பிழம்பின் நிறம் பகட்டாக இருந்ததாலோ என்னவோ, கத்தியால் சுரண்டினார். சுரண்டியதே ‘செப்டம்பர்’. 52 செ.மீ. உயரம், 72 செ.மீ. அகலம், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் அளவு. உலகம் அந்தக் காட்சியைப் பார்த்ததும் அந்த அளவில்தான்.

2014

இந்தப் பின்னணியோடு பார்த்தால் பிர்கெனாவில் என்ன புதிது? சித்தியையும் மாமாவையும் மெல்லிய கலைப்போடு விட முடிந்தது. சிறைப் பிணங்களையும் விட முடிந்தது. இவற்றை ஏன் முடியவில்லை?

கலைத்தால் அழகாகிவிடும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ரிக்டரின் கலைப்புக்கு ஒரு மென்மை உண்டு. மெழுகுவத்தி, மகளின் பின்தலை, கடல், மேகம் என்று அவர் தீட்டிய எல்லாவற்றையும் அது அழகாக்கியிருக்கிறது. எரியும் குழியை அந்த மென்மையால் தொடுவது அநாகரிகம். இன்னொன்றும் தோன்றுகிறது. மற்றப் புகைப்படங்களை எடுத்தவர்கள் குடும்பத்தார், போலீசார், செய்தியாளர்கள். இந்த நான்கை எடுத்தவர் அடுத்த வாரம் தானே அந்தக் குழியில் எரியக்கூடியவர். அவர் படத்தை ‘மேம்படுத்த’ எந்த ஓவியருக்கும் உரிமை இல்லை. வெட்டித் திருத்திய பதிப்பாளர்கள் செய்தது அதைத்தானே.

வேலையின் கட்டங்களைப் புகைப்படங்களாகப் பதிவு செய்திருக்கிறார்கள். உருவங்கள் முதலில் தெளிவாக, பிறகு தழும்பாக, பிறகு இல்லாமல். மற்ற அரூப ஓவியங்களின் பளிச்சிடும் நீலமும் மஞ்சளும் இங்கே இல்லை. கறுப்பும் வெள்ளையும் பிர்ச் பட்டைபோல உரிந்து கிடக்கின்றன. இடையிடையே சிவப்பு, இலைப்பச்சை. மரப்பட்டை, ரத்தம், இலை என்று வாசிக்க மனம் துடிக்கிறது. அந்தத் துடிப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது. பெயர் தெரிந்த பிறகு எந்தச் சிவப்பும் ரத்தமாகத்தான் தெரியும்.

அங்கேதான் முக்கியமான எதிர்வாதமும் இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டால் இவை இன்னும் நான்கு ரிக்டர் அரூப ஓவியங்கள்தானே, சுமையை எல்லாம் தலைப்பு அல்லவா தூக்குகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. எனக்கு முழுப் பதில் இல்லை. ஆனால் ரிக்டருக்கும் இது தெரியும் என்பதைக் காட்சிப்படுத்தும் முறையே சொல்கிறது. ஓவியங்களைத் தனியாக மாட்டுவதில்லை. நான்கு புகைப்படங்களின் சிறிய பிரதிகளை அருகே வைக்கிறார். எதிர்ச் சுவரில் அந்த ஓவியங்களின் முழு அளவு டிஜிட்டல் அச்சுகள். ஒவ்வொன்றும் நான்காகப் பிரித்தது. சில இடங்களில் பெரிய சாம்பல் கண்ணாடிகளும். அறைக்குள் வருபவர் ஓவியத்தைப் பார்க்கும் தன்னையே கண்ணாடியில் பார்க்கிறார். ஓவியம் தனியே நின்று சாட்சி சொல்லும் என்று அவர் நம்பவில்லை, அறையையே கட்டியிருக்கிறார்.

கண்ணாடி எனக்குக் கொஞ்சம் அதிகப்படி. ‘நீயும் இதில் இருக்கிறாய்’ என்பதை ஓவியமே சொல்லியிருக்கிறது. தோளைத் தட்டிச் சொல்ல வேண்டியதில்லை. டிஜிட்டல் அச்சுகள் அப்படியல்ல. புகைப்படத்திலிருந்து ஓவியம், ஓவியத்திலிருந்து மறுபடி புகைப்படம் என்று ஒரு வட்டம் அங்கே முடிகிறது. அசலை நேரில் பாராமல் அச்சிலும் திரையிலும் மட்டுமே பார்த்து எழுதும் என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு சின்ன ஆறுதலும்கூட. ஆனாலும் அச்சில் ஒன்று தவறிவிடுகிறது: வண்ணத்தின் தடிமன். அடியில் ஒன்று புதைந்திருக்கிறது என்பதற்கு ஓவியத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே தடயம் அந்தத் தடிமன்தான்.

எதையும் வரையாமல் நேரே அரூபமாகத் தீட்டி ‘பிர்கெனாவ்’ என்று பெயர் வைத்திருந்தால் அது மோசடி. வரைந்ததை அப்படியே மாட்டியிருந்தால் அத்துமீறல். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு இருந்த ஒரே வழி, கையால் அந்த உடல்களை ஒருமுறை வரைந்து கடப்பது. பார்வையாளருக்கு அது தெரியாது. வரைந்தவர் கைக்குத் தெரியும். இதை நம்பித்தான் ஓவியத்தை ஏற்க வேண்டியிருக்கிறது. நான் ஏற்கிறேன். ஏற்காதவர்மேல் எனக்குக் குறையில்லை.

விலைக்கு அப்பால்

ரிக்டரின் அரூப ஓவியங்களுக்குச் சந்தையில் என்ன விலை என்பதைச் சொல்லாமல் அடுத்த விஷயம் புரியாது. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் வைத்திருந்த ஒன்று 2012-இல் லண்டன் ஏலத்தில் 2.13 கோடி பவுண்டுக்குப் போனது. 2015-இல் இன்னொன்று, 1986-இல் செய்தது, 3.04 கோடி பவுண்டு. இந்த விலைகளைக் கேட்டு ரிக்டரே அபத்தம் என்று பலமுறை சொல்லியிருக்கிறார்; விற்றவர்களுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை.

பிர்கெனாவை அவர் சந்தைக்கு விடவில்லை. தன் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைத்து அதன் பொறுப்பில் வைத்தார். அதன் வழியாக 100 படைப்புகள் பெர்லின் அரசு அருங்காட்சியகங்களுக்கு நீண்டகாலக் கடனாகப் போயின. 2023-இல் நோயே நேஷனல்கேலரியில் காட்சிக்கு வந்தன. அவற்றின் நடுநாயகம் பிர்கெனாவ். இதற்கு முன்னால், 2020 மார்ச்சில், நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சி ஒன்றின் முடிவில் அந்த வரிசை இருந்தது. ஒன்பதே நாள். கொரோனா வந்து கதவை மூடிவிட்டது. பூட்டிய அறைக்குள் யாரும் பார்க்காமல் மூடிய ஓவியங்கள்.

2017-க்குப் பிறகு ரிக்டர் எண்ணெய் ஓவியம் தீட்டுவதை நிறுத்திக்கொண்டார். மேசையில் உட்கார்ந்து சிறிய தாள்களில் கோடும் மையும். 2024 பிப்ரவரி 9, அவருடைய தொண்ணூற்றிரண்டாம் பிறந்தநாளன்று, ஆஷ்விட்ஸ் இருக்கும் போலந்து நகரமான ஓஷ்வியென்சிமில் சர்வதேச ஆஷ்விட்ஸ் குழு ஒரு சிறு கட்டடத்தைத் திறந்தது. அவருடைய வரைவின்படி எழுந்த கட்டடம், பிர்கெனாவின் அச்சுப் பதிப்புக்காகவே.

இன்னொரு அச்சுப் பதிப்பு 2017-இல் ரைக்ஸ்டாக்குக்குப் போனது. அதே மேற்கு நுழைவுக்கூடம். ஒரு சுவரில் 1999-இலிருந்து கறுப்பு, சிவப்பு, பொன். முகாம் படங்களை வைக்க நினைத்து முடியாமல் போனபோது அவர் கொடுத்த கொடி நிறங்கள். எதிர்ச் சுவரில் இப்போது பிர்கெனாவின் நான்கு அச்சுகள். அவைக்குப் போகும் உறுப்பினர்கள் இரண்டுக்கும் நடுவே நடந்து போகிறார்கள்.